சுவரில் போட்ட இலை

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வந்த முதல் நாளே கேட்டீர்கள்: "அக்கா, உங்க சீட்டுக்குப் பின்னாடி ஓட்டை ஓட்டையா ஒரு பச்சை அட்டை மாட்டியிருக்கே, அது என்ன, மாடர்ன் ஆர்ட்டா?" அன்று வேலை தலைக்கு மேல் இருந்தது. சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். இந்த மாதத்தோடு தி.நகர் அலுவலகத்தை விட்டுக் கிளம்புகிறேன். திருவான்மியூரில் ஒரு சின்ன அறை பிடித்திருக்கிறேன். வாசலில் என் பெயரோடு ஒரு பலகை வரப்போகிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதுவரை எங்கள் வீட்டுப் பெயர்கள் அச்சில் வந்தது ரேஷன் அட்டையில் மட்டும்தான். அதனால் பலகையைக் கொஞ்சம் பெரிதாகவே செய்யச் சொல்லியிருக்கிறேன்.

பச்சை அட்டையை நான் எடுத்துப் போகவில்லை. அது உங்களுக்கு. ஆனால் கதை தெரியாமல் அது வெறும் குப்பை. கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் நம் தொழிலைப் பற்றிக் கொஞ்சம். என் அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறாள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால், "சோத்துக்குப் படம் போடுது" என்பாள். மெனு அட்டை, ஸ்வீட் டப்பா, ஊறுகாய் பாட்டில் லேபிள், ஓட்டல் சுவர் என்று எல்லாவற்றையும் அந்த மூன்று வார்த்தைக்குள் அடக்கிவிட்டாள். அவளும் அதையேதான் செய்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. சங்கராவைத் தலையெல்லாம் ஒரே பக்கம் வரும்படி அடுக்குவாள். வஞ்சிரத்தின் வெட்டு முகம் ரோட்டைப் பார்த்து இருக்கும். கீழே ஈரச் சாக்கு, அந்தக் கறுப்பில் சிவப்பு இன்னும் சிவப்பாகத் தெரியும். கல்லூரியில் 'காம்போசிஷன்' என்று ஒரு வகுப்பு எடுத்தபோது, "எங்கம்மா தினம் காலையில இதைத்தான் சார் பண்றாங்க" என்று எழுந்து சொன்னேன். வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த வாரம் அந்தக் கூடையைப் படம் எடுத்து வந்து அதைப் பற்றியே பேசினேன். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

நம் தொழிலில் ஒரு சிக்கல் உண்டு. நாம் செய்யும் படத்தை நாம் கம்ப்யூட்டரில் பார்க்கிறோம். மற்றவர்கள் பசியோடு பார்க்கிறார்கள். அடையாறில் ஒரு பேக்கரிக்காரர், மெனு பலகையை மாற்றினால் பப்ஸ் விற்கும் என்று நம்மிடம் வந்தார். கடைக்குப் போய் நின்று பார்த்தேன். கண்ணாடி அலமாரிக்குள் நீல விளக்கு போட்டிருந்தார். அந்த வெளிச்சத்தில் அப்போதுதான் அடுப்பிலிருந்து வந்த பப்ஸ்கூட நேற்றையது போலக் கிடந்தது. பலகையைத் தொடவே இல்லை, விளக்கை மட்டும் மாற்றச் சொன்னேன். இதெல்லாம் சாப்பிடும் இடத்தில் போய் நின்றால்தான் தெரியும்.

இனி அந்த அட்டை.

மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு மெஸ் திறக்கப் போகிறார்கள் என்று வேலை வந்தது. நடத்தப் போகிறவர் மைதிலி மாமி. கணவர் இறந்து, வருஷத் திவசம் அப்போதுதான் முடிந்திருந்தது. மாமிக்குச் சமையல் கை உண்டு, வேறு வருமானம் இல்லை. ஆனால் வீட்டில் பாதி, கணவரின் அண்ணனுக்குச் சொந்தம். நங்கநல்லூரில் இருக்கும் அந்தப் பெரியவர் மெஸ்ஸுக்குச் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "தெறக்கற அன்னிக்கு வந்து பாக்கறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார். அவர் முகம் சுளித்தால் அன்றே கதவைச் சாத்த வேண்டியதுதான். மாமி இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டு, "அவர் கெட்டவர் இல்லடி. ஆனா சாஸ்திரம் பாக்கறவர். தம்பி போன துக்கம் வேற" என்றார்.

உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் தெரியும் பெரிய சுவரில் ஒரு தலைவாழை இலைச் சாப்பாட்டுப் படம், சுவர் அகலத்துக்கு. அதுதான் மாமி கேட்டது. படம் நன்றாக வந்தது. வலது கீழ் மூலையில் பாயசம், மேலே நெய்யில் மினுக்கும் முந்திரி. அந்த மூலைதான் படத்தின் உயிர். பிறகு கை கழுவும் இடத்தை மாற்றினார்கள், அதனால் படம் எதிர்ச்சுவருக்குப் போனது. எதிர்ச்சுவரின் வலது ஓரத்தில் ஒரு தூண். பாயசம் சரியாக அந்தத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

இந்த மாதிரி நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? படத்தை இடம் வலமாகத் திருப்புவீர்கள். என்னோடு வேலை பார்த்த தினேஷும் அதைத்தான் செய்தான். ஒரே க்ளிக். நாங்கள் அதுவரை எத்தனை தோசையைத் திருப்பியிருக்கிறோம், எத்தனை பிரியாணியைத் திருப்பியிருக்கிறோம். தோசைக்கு இடம் வலம் கிடையாது. பாயசம் இடது மூலைக்கு வந்தது, முந்திரி மினுக்கியது, எல்லோரும் பார்த்து நல்லா இருக்கு என்றோம். கிண்டியில் சன்போர்டில் அச்சாகி வந்தது. சன்போர்டு என்றால் தெர்மோகோல் போல லேசான, விரல் தடிமனுள்ள அட்டை. முன்னால் படம், பின்னால் வெள்ளை.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் காலையில் அட்டையோடு போனோம். சேகர் என்கிற பெயிண்டர் வாசலில் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தார். மாமி நாளைய சமையலை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் என்னை உட்கார வைத்து இலை போட்டார்.

"கோமதி, நீ சாப்ட்டுச் சொல்லு. நாளைக்கு வரவாளுக்கு முன்னாடி நீதான் எனக்குப் பரிட்சை வாத்தியார்."

"மாமி, நான் மீன்காரி பொண்ணு. உங்க சாப்பாடு எனக்குச் சப்புன்னுதான் இருக்கும்."

"அதான் உன்னை உக்கார வெச்சேன். நீ நன்னா இருக்குன்னு சொல்லிட்டா, இந்த ஊர்ல வேற யார் என்ன சொல்ல முடியும்?"

சாம்பார் ஊற்றிவிட்டு உள்ளே போனார். நான் பிசைந்தேன். எதிரே தினேஷ் அட்டையின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை உரித்துச் சுவரோரம் சாய்த்து வைத்தான். ஒரு வாய் வைத்துக்கொண்டு, ஊறுகாயைத் தொட இடது ஓரத்துக்குக் கை நீட்டினேன். கண் படத்தில் இருந்தது. அங்கே ஊறுகாய் வலது ஓரத்தில் இருந்தது.

படத்தில் இலையின் நுனியைத் தேடினேன். அதுவும் வலப்பக்கம்.

உங்களில் சிலருக்குத் தட்டில் சாப்பிட்டே பழக்கம் இருக்கலாம், அதனால் சொல்லிவிடுகிறேன். இலையின் குறுகிய நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். நுனியை வலப்பக்கமாகத் திருப்பிப் போடுவது சாவு வீட்டுக் காரியத்துக்கு. மயிலாப்பூரில் மட்டும் இல்லை, எங்கள் குப்பத்திலும் அப்படித்தான். கணவரை இழந்த ஒரு பெண் முதல் முறையாகத் தலை நிமிர்ந்து ஒரு தொழில் தொடங்கும் இடத்தில், வாசலைத் தாண்டியதும் தெரிகிற சுவரில், நாங்கள் சுவர் அகலத்துக்குச் சாவு இலை போட்டு வைத்திருந்தோம்.

உள்ளிருந்து மாமியின் காலடி கேட்டது.

"மாமி, ரசம் கிடைக்குமா?" என்று கத்தினேன்.

"கொதிக்கறது, ரெண்டு நிமிஷம் இரு."

அந்த இடைவெளியில் எச்சில் கையோடு எழுந்து போய் தினேஷின் சட்டையை இழுத்தேன். "இலை திரும்பியிருக்கு."

"ஆமா, நான்தானேக்கா திருப்பினேன். தூண் மறைக்குதுன்னு."

"நுனி எங்க இருக்கு பாரு."

பார்த்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது. "ஐயோ, எங்க பெரியப்பா காரியத்துல..." என்று ஆரம்பித்தான்.

"மெதுவா பேசு."

நம் சாருக்குப் போன் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "கிண்டில மிஷின் சர்வீஸ்ல இருக்கும்மா. நாளை மறுநாள்தான் புதுசு வரும். இன்னிக்கு இதை மாட்டிட்டு வந்துடு, அப்புறம் மாத்திக்கலாம். ஒரு நாள்தானே? படம்தானே?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வேறு எந்த வேலையிலும் அது நல்ல யோசனை. இங்கே அந்த ஒரு நாளில்தான் பெரியவர் வருகிறார். அதைச் சொன்னேன். "அப்ப நீ அங்க நிக்கற. உனக்கு எது சரின்னு படுதோ செய்" என்றார். இந்த வார்த்தை உங்களுக்கும் ஒருநாள் வரும். கேட்க நன்றாக இருக்கும், பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழும்.

தினேஷுக்குத் திடீரென்று முகம் மலர்ந்தது. "அக்கா, தலைகீழா மாட்டினா? நுனி இந்தப் பக்கம் வந்துடுமே!" போனில் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினான். நுனி இடப்பக்கம் வந்தது. சோறு மேலே போய் உட்கார்ந்தது.

வாசலில் இருந்து சேகர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா நைனா, சாப்புடுறவன் ஃபேன்ல தொங்கிக்கினே சாப்புடணுமா?"

சிரித்துவிட்டேன். பயத்திலும் சிரிப்பு வரும்.

மறைத்து மாட்டுவதா, மாமியிடம் சொல்வதா? அட்டையைத் திரும்பச் சுற்றி, "அச்சுல கோளாறு மாமி, நாளைக்குச் சுவர் காலியாதான் இருக்கும்" என்று பொய் சொல்லிவிடலாம் என்றும் தோன்றியது. மாமி ரசத்தோடு வந்தார். ஊற்றினார். நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"என்னடி, உப்பு ஜாஸ்தியா?"

"இல்ல மாமி. ஒரு தப்பு நடந்துபோச்சு. நீங்க திரும்பிப் படத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன்."

சொன்னேன். தூண், பாயசம், க்ளிக் எல்லாம் சொன்னேன். யார் செய்தது என்று சொல்லவில்லை, நாங்கள் என்றேன். மாமி மெதுவாகத் திரும்பினார். கரண்டி கையிலேயே இருந்தது. வெகு நேரம் பார்த்தார்.

"போன மாசம் வரைக்கும் ஆத்துல இப்படித்தான் இலை போட்டுண்டிருந்தோம்" என்றார். குரல் உயரவே இல்லை. "இனிமே போட வேண்டாம்னு நெனச்சேன்."

தினேஷ் அழும் நிலைக்கு வந்துவிட்டான். மாமி அவனைப் பார்த்து, "நீ ஏன்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுண்டிருக்கே? ஒரு வேஷ்டியப் போட்டு மூடிடலாம்" என்றார்.

"திறப்பு விழா அன்னிக்குச் சுவத்த மூடி வச்சா அதையும் கேப்பாங்க மாமி" என்றேன்.

"கேப்பா."

நான் சாப்பிட்ட இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தேன். என் இலையைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன். கூட்டு ஒரு குவியல். கறி ஒரு குவியல். வடை வட்டம், அப்பளம் வட்டம். இவற்றுக்கும் தோசையைப் போலத்தான், இடம் வலம் கிடையாது. இடம் வலம் இருப்பது இலைக்கு மட்டும்தான், அப்புறம் எது எங்கே என்பதற்கு.

"சேகர் அண்ணே, பச்சை பெயிண்ட் கீதா?"

அவர் திரும்பினார். "இன்னாது, கீதாவா? நீ எந்த ஏரியா?"

"பட்டினப்பாக்கம்."

"அட, நம்மாளு! ஆபீஸ் பொண்ணுன்னு இவ்ளோ நேரம் மருவாதியா பேசிக்கினு இருந்தேனே. பச்சை கீது, வெள்ளைல கலந்து தரேன். இன்னா பண்ணணும்?"

"சுவத்துல இலை வரையணும். நுனி இந்தப் பக்கம். தூணுக்கு முன்னாடியே இலை முடிஞ்சுடணும்."

பிறகு மாமியிடம் திரும்பி, "படத்தை வெட்டப் போறேன் மாமி. சோறு, கறி, கூட்டு எல்லாத்தையும் தனித்தனியா வெட்டி எடுத்து, இந்த இலைல சரியான இடத்துல ஒட்டிடலாம். நல்லா வரும்னு நினைக்கறேன். வரலன்னா சுவரும் போச்சு, படமும் போச்சு. நீங்க சரின்னாத்தான் கத்தியை எடுப்பேன்" என்றேன்.

மாமி கரண்டியைக் கீழே வைத்தார். "வெட்டு."

சேகர் நடு நரம்பில் தொடங்கி ஒரே மூச்சில் இலையை வரைந்தார். ஃபேனைத் திருப்பி வைத்துக் காயவிட்டோம். நானும் தினேஷும் தரையில் உட்கார்ந்து, கட்டர் கத்தியால் முதலில் பாயசத்தை வெட்டி எடுத்தோம். பின்பக்கம் இருபக்க டேப் ஒட்டி, சுவரில் வைக்கப் போனேன்.

"இரு, இரு" என்றார் மாமி. கையைக் கழுவி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். "பரிமாறறதுன்னா நான்தான் பரிமாறணும்."

பாயசத்தை வலது கீழ் மூலையில் வைத்து அழுத்தினார். அடுத்து பச்சடி. அடுத்து கோசுமல்லி. நாங்கள் வெட்ட வெட்ட, இலையில் பரிமாறும் வரிசையிலேயே வாங்கி வாங்கி வைத்தார். கூட்டை நான் தவறான இடத்துக்கு நீட்டியபோது, "அங்கே கறிடி, அசடு" என்று கையைத் தட்டிவிட்டார். அட்டையின் தடிமனால் ஒவ்வொன்றும் சுவரிலிருந்து எழும்பி நின்று, கீழே மெல்லிய நிழல் விழுந்தது. தட்டையான அச்சுப் படத்தைவிட இது நிஜ இலைக்குப் பக்கத்தில் இருந்தது. நாங்கள் கணக்குப் போட்டுச் செய்தது இல்லை அது. வேறு வழியில்லாமல் செய்தது.

"இன்னா மாமி, செவுத்துக்கே பந்தி போட்டுட்டீங்க!" என்றார் சேகர். "எங்களுக்கு எப்போ?"

"நாளைக்கு மொதல் பந்திலயே வந்து உக்காரு. பெயிண்ட் கையோட வராதே."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதும் எனக்கு நிம்மதி வரவில்லை. பெரியவர் இன்னும் பார்க்கவில்லையே.

காலையில் போனேன், தினேஷும் வந்திருந்தான். வெட்டிப் போட்ட பச்சை அட்டை ஓரமாகச் சாய்ந்திருந்தது. அதை எடுத்துப்போய் எறிய வேண்டும் என்பது ஒரு சாக்கு. பெரியவர் பஞ்சகச்சத்தில், குடையோடு வந்தார். செருப்பை விட்டு உள்ளே நுழைந்தவர், சுவரைப் பார்த்து நின்றார். மாமி சமையலறை வாசலில் நின்றார். பெரியவரின் கண் நுனியில் தொடங்கி, மெதுவாக, ஒவ்வொரு பதார்த்தமாகப் போய், பாயசத்தில் வந்து நின்றது.

"யார் பரிமாறினது?"

"நான்தான்" என்றார் மாமி.

பெரியவர் தலையை ஆட்டவில்லை. மறுபடி நுனிக்குப் போனார்.

"உப்பு எங்கே?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உப்பு சின்னதாக, வெள்ளையாக, ஊறுகாய்க்குப் பக்கத்தில் இருந்தது. வெட்டும்போது நொறுங்கிப் போய், குப்பையோடு பெருக்கித் தள்ளியிருக்கிறோம். இலை முழுவதையும் பார்த்து முடித்த மனிதருக்குக் கண்ணில் பட்ட ஒரே குறை உப்பு. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஓரத்தில் இருந்த அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளை. தினேஷ் கத்தியை நீட்டினான். விரல் நுனி அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, டேப் ஒட்டி, மாமியிடம் கொடுத்தேன்.

மாமி அதை ஒட்டவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பெரியவர் முன்னால் நீட்டினார்.

"உங்களுக்குன்னுதான் விட்டு வெச்சேன். நீங்களே வெச்சுடுங்கோ."

அது உண்மை இல்லை என்பது அந்த அறையில் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். பெரியவருக்கும் தெரிந்திருக்கலாம். குடையைத் தூணில் சாய்த்துவிட்டு, துண்டை எடுத்து, நுனிக்குப் பக்கத்தில் வைத்து, கட்டை விரலால் வெகுநேரம் அழுத்திக்கொண்டே நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"சரி, எனக்குப் பசிக்கறது. எங்கே உக்காரட்டும்?"

மாமி உள்ளே ஓடினார். கரண்டிச் சத்தம் கேட்டது. துவைத்த சட்டையில், நகக்கண்ணில் மட்டும் பச்சையோடு, சேகர் வாசலில் வந்து நின்றார்.

அந்த அட்டையைத்தான் நான் எறியாமல் கொண்டுவந்து மாட்டினேன். உணவுப் படம் எதையும் அனுப்புவதற்கு முன்னால் எழுந்து நின்று பார்க்காதீர்கள். அதன் எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். சாப்பிடுவது போல வலது கையை நீட்டுங்கள். கை எங்கே தடுமாறுகிறதோ அங்கே தவறு இருக்கும். அது தெரிந்ததும், யாருடைய இலையோ அவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

பெரிய ஓட்டை சோறு. இடது கீழ் மூலையில் இருப்பது பாயசம். அட்டையின் ஓரத்தில், படத்தில் எதுவுமே இல்லாத இடத்தில், அவசரத்தில் வெட்டியதுபோல ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது பாருங்கள். அதுதான் உப்பு. மாமியின் மெஸ்ஸில் சாப்பிடப் போனால் சுவரில் அதைத் தேடிப் பாருங்கள், கொஞ்சம் கோணலாக இருக்கும். நேராக்கட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். மாமி கையில் கரண்டியோடு அடிக்க வந்துவிட்டார்.